சாப்பிடற ஃபிலிமுக்குள்ள நானோ துகள் போடச் சொன்ன நிதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆராய்ச்சி நிதித் தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கு,

ஸ்டார்ச்ல செய்யற, உணவோட சேத்தே சாப்பிட்டுடக்கூடிய பேக்கிங் ஃபிலிம் பத்தின எங்க ப்ராஜெக்ட்டோட ரெண்டாம் கட்டத்துக்கு நிதி கிடையாதுன்னு நீங்க அனுப்பின முடிவு வந்துடுச்சு. அரைப் பக்கம் கூட இல்ல. புதுமை போதலையாம், பலம் பாலிஎதிலீன், அதாவது சாதாரண பிளாஸ்டிக் கவர் அளவுக்கு இல்லையாம், வெள்ளை நிறமிப் பொடியான டைட்டானியம் டை ஆக்சைடோட நானோ துகள் மாதிரி ஏதாவது சேத்து மேம்படுத்தி திரும்ப அனுப்பலாமாம். கடைசில போனாப் போகுதுன்னு இன்னொரு வரி, ஸ்டார்ச் பைதான் ஏற்கனவே மார்க்கெட்ல இருக்கேன்னு. முறையான அப்பீல் படிவம் ஒண்ணு இருக்கு, தெரியும், அதுல 300 வார்த்தைக்கு மேல எழுத முடியாது, அதான் எல்லாரும் படிக்கிற மாதிரி இங்க எழுதறேன். இந்த லேப்ல ஃபிலிம் ஊத்தி, உரிச்சு, அளந்து, அது உடைஞ்சா ஏன் உடைஞ்சுதுன்னு நோட்ல எழுதி வெக்கிற ஆள் நான். ப்ரொபோசல்ல கையெழுத்துப் போட்டவங்க பேசற மாதிரி பக்குவமா பேச வராது, ஆனா மரியாதைக் குறைவா ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

முதல்ல நாங்க என்ன கேட்டோம்னு ஒரு தடவை சொல்லிடறேன், ஏன்னா உங்க பதில்ல அது எங்கயுமே வரல. புதுசா ஒரு ஃபிலிம் செய்யறோம்னு நாங்க கேக்கவே இல்ல. செஞ்ச ஃபிலிமை மாசக்கணக்குல வெவ்வேற ஈரப்பதத்துல சேமிச்சு வெச்சு, உள்ள நிஜமான உணவை வெச்சு, அது எப்படி வயசாகுதுன்னு பாக்கணும்னு கேட்டோம். அவ்வளவுதான். அதுக்கு வேண்டியது ஈரப்பதம் கட்டுப்படுத்தற சேம்பர், ஆள், நேரம். இதுல புதுமை இல்லைன்னு நீங்க சொன்னது ஒரு விதத்துல சரி, காத்திருக்கிறதுல என்ன புதுமை இருக்கு. ஆனா இந்தத் துறைல யாரும் செய்யாம தள்ளிப் போடற வேலை அதுதான்.

ஃபிலிம் ஊத்தறது கஷ்டமே இல்ல, அதை ஒத்துக்கறேன். தண்ணில 3லேர்ந்து 5 சதவீதம் ஸ்டார்ச் கலந்து, கிளறிக்கிட்டே 90 டிகிரி பக்கம் கொண்டு போனா துகள்லாம் ஊதி வெடிச்சு கூழாகும், மக்காச்சோள ஸ்டார்ச் 62லேர்ந்து 72 டிகிரிக்குள்ளயே இளக ஆரம்பிச்சுடும், உருளைக்கிழங்கு அதுக்கும் கொஞ்சம் முன்னாடியே. அப்புறம் ஸ்டார்ச் எடைல 20லேர்ந்து 40 சதவீதம் கிளிசரால். குமிழி போக வேக்குவம் போட்டு, தட்டுல எடை பாத்து ஊத்தி, 40 - 50 டிகிரி ஓவன்ல ராத்திரி முழுக்க காயவிட்டு, மறுநாள் உரிச்சா கண்ணாடி மாதிரி தெளிவா ஒரு ஷீட் வரும். கிளிசரால் போடலைன்னா உரிக்கும்போதே நொறுங்கிடும். ஓவன் தட்டு ஒரு மில்லிமீட்டர் சாஞ்சிருந்தா ஒரு ஓரம் தடிமனா இன்னொரு ஓரம் மெல்லிசா வரும், அதுல எடுத்த எந்த அளவும் உருப்படாது. இதெல்லாம் முதல் வருஷ மாணவரே கத்துக்கலாம், கத்துக்கறாங்க, உரிச்ச அன்னிக்கு அதை வளைச்சு மடிச்சு ஃபோட்டோ எடுத்து ரிப்போர்ட்ல போட்டா பாக்க அவ்வளவு அழகா இருக்கும்.

பிரச்சினை அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது.

ஸ்டார்ச்ல ரெண்டு விதமான சங்கிலி இருக்கு. நீளமா கிளை இல்லாத அமைலோஸ், கிளை கிளையா பிரிஞ்ச அமைலோபெக்டின். கூழாக்கும்போது ரெண்டும் தாறுமாறா கலைஞ்சு கிடக்கும், ஆறினதும் பழையபடி பக்கத்துல பக்கத்துல வந்து ஒட்டிக்க ஆரம்பிக்கும். அமைலோஸ் சில மணி நேரத்துலயே ஒட்டிக்கும், அமைலோபெக்டினுக்கு நாளும் வாரமும் ஆகும். ரெட்ரோகிரடேஷன்னு சொல்றது இதைத்தான், ரொட்டி ரெண்டு நாள்ல கெட்டியாகிறதும் பெரும்பாலும் இதனாலதான். நம்ம ஃபிலிமுக்குள்ளயும் இதே கதை நடந்துக்கிட்டே இருக்கும், வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது, மடிப்பு போட்ட இடத்துல ஒரு நாள் வெள்ளையா ஒரு கோடு வரும், இன்னும் கொஞ்ச நாள்ல அந்தக் கோட்டுலயே பிளந்துடும். ஈரம் கூடினா சங்கிலிக்கு நகர இடம் கிடைச்சு இன்னும் வேகமா நடக்கும். எந்த ஸ்டார்ச்ங்கறதும் முக்கியம், சாதாரண மக்காச்சோளத்துல அமைலோஸ் கால்வாசி பக்கம் இருக்கும், மரவள்ளில அதை விடக் கம்மி, வாக்ஸி ரகத்துல கிட்டத்தட்ட இல்லவே இல்ல, ஒவ்வொண்ணும் வயசாகற விதமே வேற. கிளிசராலும் சும்மா இருக்காது, அளவு மீறிட்டா தனியா பிரிஞ்சு மேல வந்து பிசுபிசுக்கும், பதிலுக்கு சார்பிட்டால் போட்டா சில சமயம் அது படிகமாகி வெள்ளைப் பொடி மாதிரி பூத்து நிக்கும்.

எங்க முதல் கட்ட ரிப்போர்ட்ல, உரிச்சு ரெண்டு நாள்ல நல்லா நீண்ட ஃபிலிம் சேமிப்புக்கு அப்புறம் இழுத்தா பாதி கூட நீளாம அறுந்துபோச்சுன்னு கிராஃப் போட்டு எழுதியிருந்தோம். மறைச்சிருக்கலாம், நிறைய பேர் மறைக்கக் கூட வேண்டாம், அளக்காமலே விட்டுடறாங்க, 48 மணி நேரம் ஒரே ஈரப்பதத்துல வெச்சு மெஷின்ல இழுத்துட்டு அதோட முடிச்சுக்கறாங்க. நாங்க அளந்தோம், எழுதினோம், அதை சரி பண்ண ரெண்டாம் கட்டம் கேட்டோம். அந்த கிராஃபையே எடுத்து "செயல்திறன் குறைபாடு"ன்னு நீங்க எழுதினதைப் படிச்சப்போ எனக்கு வந்த கோபத்தை இங்க எழுத வேண்டாம்னு பாக்கறேன். அளக்காதவனுக்கு பாஸ், அளந்தவனுக்கு ஃபெயில்னா அடுத்த தடவை யாரு அளப்பாங்க?

பலம் பத்தி. பாலிஎதிலீன் அளவுக்கு இல்லைன்னு எழுதினீங்க. எந்த பலம், எந்த ஈரத்துல? இழுவிசைல மட்டும் பாத்தா, நாம தினம் பாக்கற குறைஞ்ச அடர்த்தி பாலிஎதிலீன் ஒண்ணும் பெரிய பயில்வான் கிடையாது, 10லேர்ந்து 20 மெகாபாஸ்கல் சுத்திதான் பெரும்பாலும் இருக்கும், கிளிசராலை அளவா போட்ட ஸ்டார்ச் ஃபிலிம் காஞ்ச நிலைல அது பக்கத்துல வந்துடும். பாலிஎதிலீன் ஜெயிக்கிறது நீட்சில, பல நூறு சதவீதம் நீளும், நம்மது 100 தாண்டறதே பெரிய விஷயம். அப்புறம் நீராவி. பாலிஎதிலீனோட ஒப்பிட்டா ஸ்டார்ச் ஃபிலிம் நூறு மடங்குக்கும் மேல, சில சமயம் ஆயிரம் மடங்கு நீராவியை விடும். ஆனா ஆக்சிஜனை, காஞ்ச நிலைல, பாலிஎதிலீனை விட ரொம்ப நல்லா தடுக்கும். அதாவது ரெண்டும் ரெண்டு வேற வேலைக்கான பொருள். ஒரே ஒரு நம்பரை வெச்சு ஒண்ணை பாஸ், ஒண்ணை ஃபெயில்னு எப்படி சொல்ல முடியும்?

அதுவும் அந்த நம்பரே ஈரத்தைப் பொறுத்து ஆடற நம்பர். ஒரே நாள்ல ஊத்தின ஒரே ஷீட்டை மூணா வெட்டி, மூடின டப்பாக்கள்ல ஒண்ணை நிறைவுற்ற மெக்னீசியம் குளோரைடு கரைசல் மேல 33 சதவீத ஈரத்துல, ஒண்ணை மெக்னீசியம் நைட்ரேட் மேல 53ல, இன்னொண்ணை உப்புக் கரைசல் மேல 75ல வெச்சு எடுத்தா, முதல் துண்டு கைல பட்டுன்னு உடையும், நடுவுல உள்ளது ஒழுங்கா மடியும், மூணாவது கைரேகை பதியற அளவுக்கு ஒட்டும். மூணுல எது எங்க ஃபிலிம்? உங்க மதிப்பீட்டுப் படிவத்துல "பலம்"னு ஒரு கட்டம் இருக்கு, ஈரப்பதம்னு கட்டமே இல்ல. வயசுன்னும் இல்ல. தடிமன்னும் இல்ல. கப்புல தண்ணி ஊத்தி ஃபிலிமால மூடி, எவ்வளவு நீராவி வெளிய போகுதுன்னு அளக்கற கப் முறைலயும் இதே கூத்துதான், ஃபிலிமுக்கும் கப்புல இருக்கற தண்ணிக்கும் நடுவுல அசையாம நிக்கற காத்துப் படலத்தை கணக்குல எடுக்கலைன்னா தண்ணியை ஈர்க்கற ஃபிலிமுக்கு நிஜத்தை விட நல்ல நம்பர் வந்துடும், இதை மெக்ஹியூ, அவெனா-பஸ்டிலோஸ், க்ரோச்டா மூணு பேரும் 1993லயே திருத்த முறையோட எழுதி வெச்சுட்டாங்க. 30 வருஷம் தாண்டியாச்சு. திருத்தம் பண்ணாத நம்பரும் பண்ண நம்பரும் உங்க டேபிள்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கிட்டு இருக்கு, எது நல்லதுன்னு நீங்க மார்க் போடறீங்க.

இப்போ நானோ துகள். இதைத்தான் என்னால ஜீரணிக்கவே முடியல.

சாப்பிடற ஃபிலிம்ங்க. வாய்க்குள்ள போற பொருள். அதுல டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள் சேக்கலாம்னு எழுதியிருக்கீங்க. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 மே மாசம், மரபணுவை பாதிக்கிற வாய்ப்பு இல்லைன்னு உறுதியா சொல்ல முடியல, அதனால உணவுச் சேர்க்கையா இது பாதுகாப்பானதுன்னு இனிமே கருத முடியாதுன்னு சொல்லிட்டாங்க. 2022ல அங்க உணவுல சேக்கறதையே தடை பண்ணிட்டாங்க. எல்லா நாட்டுலயும் தடை இல்ல, அது வேற விஷயம், ஆனா ஐரோப்பாவே சந்தேகப்பட்டு தடுத்த பொருளை, அதுவும் நானோ அளவுல, புதுசா ஒரு உணவுக்குள்ள நாங்களா கொண்டு போய் வெக்கணுமா? சேத்தா என்ன ஆகும்னும் எனக்குத் தெரியும். புற ஊதாக் கதிரை தடுக்கும், இழுவிசை கொஞ்சம் ஏறும், மைக்ராஸ்கோப் படம் பளிச்சுன்னு வரும், பேப்பர் உடனே ஏத்துக்கப்படும். அந்த பேப்பர்ல "சாப்பிடக்கூடிய"ன்னு தலைப்புல இருக்கும், உள்ள சாப்பிட்டுப் பாத்தோம்னு ஒரு வரி இருக்காது. வெள்ளித் துகள் போட்டவங்க, குளூட்டரால்டிஹைடுங்கற விஷ ரசாயனம் போட்டு ஸ்டார்ச் சங்கிலிகளை இறுக்கினவங்க எல்லாரும் இந்த வரிசைலதான் நிக்கறாங்க. இறுக்கணும்னா சிட்ரிக் அமிலம் இருக்கு, அது உணவுல ஏற்கனவே இருக்கற பொருள், சூடு கொஞ்சம் தப்பினா ஸ்டார்ச் சங்கிலியையே வெட்டிப் போட்டுடும்ங்கறதால வேலை மெதுவா நடக்கும். நாங்க அதைத்தான் எடுத்திருந்தோம். அது பழசுன்னு உங்களுக்கு பட்டிருக்கு.

கிருமியைத் தடுக்க மூலிகை எண்ணெய் சேக்கற கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். பெட்ரி டிஷ்ல பாக்டீரியாவை வளத்து நடுவுல ஃபிலிம் துண்டு வெச்சா சுத்தி ஒரு வெறும் வளையம் வரும், படம் எடுத்து வெற்றின்னு போட்டுடலாம். அதே அளவு எண்ணெயை நிஜ உணவைச் சுத்தின ஃபிலிம்ல போட்டா கொழுப்பும் புரதமும் அதை உள்ள இழுத்துக்கும், கிருமிக்கு மிஞ்சறது கொஞ்சம்தான், அளவைக் கூட்டினா வாசனை தாங்காது. உணவை உள்ள வெச்சுப் பாக்காம இது எப்படித் தெரிய வரும்?

மார்க்கெட்ல ஏற்கனவே இருக்கற ஸ்டார்ச் பை பத்தி ரெண்டே வரில முடிச்சுடறேன். அதுல பெரும்பாலானது ஸ்டார்ச்சோட மக்கக்கூடிய பாலியஸ்டரைக் கலந்து எக்ஸ்ட்ரூடர்ல, அதாவது உருக்கித் தள்ளற மெஷின்ல, இழுத்தது. மக்கும், சரி, ஆனா சாப்பிட முடியாது, அதை வாங்கறவங்களும் சாப்பிடறதுக்கு வாங்கல.

இதைப் படிச்சுட்டு, சரிப்பா, இவ்வளவு குறை சொல்றியே, அப்போ இந்த ஃபிலிம் எதுக்குத்தான் லாயக்குன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. காஞ்ச உணவுக்கு, குறைஞ்ச நாளைக்கு, வெளியில இன்னொரு உறைக்குள்ள. ஜப்பான்ல கசப்பு மருந்தை சுத்தி முழுங்கறதுக்கும் மிட்டாய் ஒட்டாம இருக்கறதுக்கும் ஓப்லாட்டோன்னு மெல்லிசா ஒரு ஸ்டார்ச் தாள் நூறு வருஷத்துக்கும் மேல புழக்கத்துல இருக்கு, அது ஜெயிச்சதுக்குக் காரணம் அது பாலிஎதிலீனோட போட்டிக்குப் போகாததுதான். வெந்நீர்ல போட்டா உறையோடவே கரையற மசாலாப் பொட்டலம், ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க நடுவுல போடற தாள், எண்ணெய் கசியாம இருக்க ஒரு உள் உறை, இந்த மாதிரி சின்னச் சின்ன இடம். வெளி உறை கட்டாயம் வேணும், பத்து கை பட்ட உறையை யாரும் வாய்ல போட மாட்டாங்க. ஈரம் 80 சதவீதம் தாண்டின இடத்துல வெச்சா பூஞ்சை புடிக்கும், அதையும் சொல்லியே ஆகணும். கோதுமை ஸ்டார்ச்ல செஞ்சா குளூட்டன் மிச்சம் எவ்வளவுன்னு அளந்து லேபிள்ல போடணும், கோடெக்ஸ்ங்கற சர்வதேச உணவுத் தர விதிப்படி குளூட்டன் இல்லாததுன்னு எழுதணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராம் தாண்டக் கூடாது. அப்புறம் மேல் அண்ணத்துல ஒட்டிக்கிதா, கிளிசரால் இனிப்பு தெரியுதா, மூட்டு போட்ட இடம் சூட்டுல ஒழுங்கா ஒட்டுதான்னு பாக்கறதுக்கு நிறைய இருக்கு. இது ஒண்ணுமே ஜர்னல் அட்டைல வராது. ஆனா ஒரு கம்பெனிக்காரர் எங்க லேபுக்கு வந்து முதல்ல கேட்ட கேள்வி, "எத்தனை மாசம் தாங்கும்"ங்கறதுதான். எங்ககிட்ட பதில் இல்ல. அந்த பதிலுக்குத்தான் காசு கேட்டோம்.

எனக்குப் புரியற வரைக்கும் உங்க குழு கெட்ட எண்ணத்துல எதுவும் பண்ணல. நூத்துக்கணக்குல ப்ரொபோசல் வருது, எல்லாத்துலயும் ஸ்டார்ச்சும் வேற ஒரு இலைச் சாறும் வேற ஒரு துகளும் இருக்கு, எது புதுசுன்னு பாத்து எடுக்கறது சுலபம். ஆனா அதோட பலன், ஒவ்வொரு லேபும் ஒரு புதுக் கலவையை ஊத்தி, ரெண்டு நாள்ல அளந்து, எழுதிட்டு அடுத்த கலவைக்குப் போயிடுது. ஊத்தின மாணவர் படிப்பை முடிச்சுட்டுப் போயிடறார், எந்த தட்டுல எந்த சூட்டுல எவ்வளவு நேரம்ங்கற கைப்பழக்கமும் அவரோட போயிடுது, அடுத்து வர்றவர் முதல்லேர்ந்து ஆரம்பிக்கறார். பெட்ரி டிஷ்லேர்ந்து தொடர்ச்சியா ஓடற மெஷினுக்கு மாத்தறதுன்னு ஒரு பெரிய வேலை இருக்கு, ராத்திரி முழுக்க ஓவன்ல காயற பொருளை எந்தத் தொழிற்சாலையும் எடுத்துக்காது, அந்த வேலைக்கு வர்றதுக்குள்ளயே நிதி முடிஞ்சுடுது.

அதனால கேக்கறது இதுதான். எங்க ரெண்டாம் கட்ட ப்ரொபோசலை மறுபடி எடுத்துப் பாருங்க, இந்தத் தடவை பாக்கறவங்கள்ல ஒருத்தராவது ஸ்டார்ச் ஃபிலிமைக் கையால உரிச்சவரா இல்ல உணவு பேக்கிங்ல வேலை பாத்தவரா இருக்கட்டும். நானோ துகள் யோசனையை எழுத்துல வாபஸ் வாங்குங்க, எங்களுக்கு மட்டும் இல்ல, "சாப்பிடக்கூடிய"ன்னு தலைப்பு வெச்சு வர்ற எந்த ப்ரொபோசலா இருந்தாலும் உள்ள போற ஒவ்வொரு பொருளும் உணவுல ஏற்கனவே அனுமதி உள்ளதா இருக்கணும்னு விதியாவே போடுங்க. மதிப்பீட்டுப் படிவத்துல பலம்ங்கற கட்டத்துக்குப் பக்கத்துல ஈரப்பதம், வெப்பம், தடிமன், ஃபிலிமோட வயசு நாலையும் கட்டாயமாக்குங்க, இது இல்லாத நம்பரை எண்ணவே எண்ணாதீங்க. குறைஞ்சது மூணு மாசம் வெச்சு திரும்ப அளந்த அளவு இல்லாம எந்த முதல் கட்ட ரிப்போர்ட்டையும் முடிஞ்சதா எடுத்துக்காதீங்க. நிஜ உணவை வெச்சுப் பாக்கற சோதனைக்குன்னு மொத்த நிதில ஒரு பங்கைத் தனியா ஒதுக்குங்க, அதுல தோத்துப் போன முடிவையும் முடிவாவே ஏத்துக்கிட்டு பொதுவுல வையுங்க, அடுத்த லேப் அதே குழில விழாம இருக்கும்.

பதில் எழுத்துல வேணும், காரணத்தோட, அரைப் பக்கத்துக்கு மேல. ப்ராஜெக்ட் கணக்கை மூடினதும் ஈரப்பத சேம்பர் வேற துறைக்குப் போகுது, உள்ள முதல் கட்டத்து சாம்பிள்கள் இன்னும் இருக்கு, அதை எடுத்துட்டா இதுவரைக்கும் வயசான ஃபிலிமை யாராலயும் திரும்ப செய்ய முடியாது. சேம்பரை மாத்தற உத்தரவை உங்க பதில் வர்ற வரைக்கும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. இல்ல, சாம்பிளைத் தூக்கிப் போட்டுடுங்கன்னுதான் சொல்லப் போறீங்கன்னா, அதையும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க.

இப்படிக்கு,
ஃபிலிம் லேப்ல வேலை பாக்கற ஒரு ஆராய்ச்சி உதவியாளர்